தொண்ணூற்றாறாவது குழி

ஆபீசிலிருந்து போன் வந்தது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்காக ஒரு சிறு புத்தகம் போடுகிறார்களாம். பழைய ஆட்கள் தங்கள் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். "எந்த பாஷையில வேணாலும் எழுதுங்க மௌசி, ஆனா நல்லதா எழுதுங்க" என்றாள் பேசிய பெண். மௌசி என்றால் சித்தி, அங்கே எல்லாருக்கும் நான் மௌசிதான். நல்லதாக என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்துவிடுவது என் பழக்கம். அந்தப் பழக்கம் என்ன செய்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உங்களுக்கு ஒரு கதை சொல்லியிருப்பார்கள். முன்னொரு காலத்தில் செல்வராணி என்று ஒருத்தி இருந்தாள், நாற்றுத் தட்டைக் கண்டபடி மாற்றிவைத்து மூன்று வருஷ வேலையைப் பாழாக்கினாள், அதனால்தான் ஒவ்வொரு செடிக்கும் பார்கோடு ஒட்டுகிறோம் என்று. அந்தக் கதையை எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நானும் அந்த அறையில் பின்னால் நின்று பலமுறை கேட்டிருக்கிறேன். அது பொய். செல்வராணியின் பெயரை அதிலிருந்து எடுக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தத் தாள்கள். தமிழ் வாசிக்க வருகிறவர் யாராவது மற்றவர்களுக்கு இந்தியில் சொல்லுங்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். கல்யாணமாகி மும்பையில் தாராவிக்கு வந்து, பிறகு செம்பூரில் நம் விதைக் கம்பெனியின் ஆராய்ச்சித் தோட்டத்தில் பெருக்கவும் தண்ணீர் ஊற்றவும் சேர்ந்தேன். தினமும் சயன் வரை நடை, அங்கிருந்து பஸ். என் விரல் மெல்லியது, நடுங்காது. அதைப் பார்த்து மிளகாய்ப் பூவில் ஒட்டுச்சேர்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். மொட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் மகரந்தப் பையை எடுத்துவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவி, நூல் கட்டுவது. அதை நீங்கள் பழகிக்கொள்வீர்கள். கை பழகுவது பெரிய விஷயம் இல்லை.

இந்த வேலையில் ஒரு செடியைத் தேர்ந்தெடுப்பது என்றால் மற்றதையெல்லாம் கொல்வது. புத்தகத்தில் அப்படி எழுத மாட்டார்கள். தேர்வு என்று எழுதுவார்கள். நூறு நாற்று வளர்த்துப் பத்தை வைத்துக்கொண்டு தொண்ணூறைப் பையில் போட்டுக் கட்டி, நீராவியில் அவித்துக் குப்பைக்கு அனுப்ப வேண்டும். நாற்று எதுவும் வெளியே போகக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அவித்த பிறகு தப்பு என்று தெரிந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

மிளகாய்க்கு இலைச்சுருட்டு நோய் வரும். வெள்ளை ஈ பரப்பும். இலை கிண்ணம் போலச் சுருண்டு, செடி குட்டையாக நின்றுவிடும், காய் பிடிக்காது. நோய் தாங்கும் ஒரு சின்னக் காட்டு மிளகாயிலிருந்து அந்தக் குணத்தைப் பெரிய காய் மிளகாய்க்குக் கொண்டுவருவதுதான் எங்கள் வேலை. முன்பெல்லாம் எந்த நாற்றுக்கு அந்தக் குணம் வந்திருக்கிறது என்று பார்க்க, ஈ விட்ட கூண்டுக்குள் வாரக்கணக்கில் வைத்துக் காத்திருக்க வேண்டும். பிறகு மரபணுச் சோதனை மெஷின் வந்தது. நாற்றின் இலையில் பொட்டு அளவுக்கு வட்டமாக வெட்டிக் கொடுத்தால் இரண்டு நாளில் சொல்லிவிடும்.

அந்த இலைப் பொட்டுகளைப் போடும் பிளேட் உள்ளங்கை அளவு இருக்கும். எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு குழி, மொத்தம் தொண்ணூற்றாறு. நாற்றுத் தட்டிலும் அதே கணக்கு. தட்டின் முதல் செடி மூலையில் ஒரு சிவப்புக் குச்சி நட்டிருக்கும். பிளேட்டில் முதல் குழி இருக்கும் மூலை வெட்டியிருக்கும். சிவப்புக் குச்சி மூலையிலிருந்து எடுத்ததை வெட்டு மூலையில் போட வேண்டும். அவ்வளவுதான். அந்தக் காலத்தில் செடிக்குத் தனி அடையாளம் கிடையாது. இடம்தான் அடையாளம்.

அப்போது எங்களுக்கு ஒரு மராத்தி மேடம் இருந்தார். அவர் கடைசிக் குழியில் எதையும் போட விட மாட்டார். தொண்ணூற்றைந்து செடிதான் சோதிக்கலாம், தட்டிலும் பிளேட்டிலும் தொண்ணூற்றாறாவது குழி காலியாக இருக்க வேண்டும். ஏன் என்று நான் கேட்கவில்லை. செல்வராணி கேட்டாள். அவள் என்னைவிடப் பத்து வயது சிறியவள், தாராவியில் என் தெருவுக்கு அடுத்த தெரு, என்னோடு ஒரே மேசையில் வேலை. மேடம் சிரித்துவிட்டு, "ஒரு நாள் தெரியும்" என்று இந்தியில் சொன்னார்.

தெரிந்தது. ஒருமுறை மெஷின் தந்த தாளில் காலிக் குழி கடைசியில் இல்லாமல் முதல் இடத்தில் இருந்தது. மேடம் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். "பிளேட்டை மெஷினுக்குள்ள திருப்பி வச்சது யாரு?" என்றார். வைத்தது அவரேதான். எங்கள் முகங்களைப் பார்த்து அவருக்கே விளங்கிவிட்டது. "நானா! அப்ப இன்னைக்கு எல்லாருக்கும் நான் டீ போடணும்" என்றார். போட்டும் கொடுத்தார். தாளைத் திருப்பி எண்ணியதில் சரியான செடிகள் கிடைத்தன. தன் தப்பைக் காட்டிக்கொடுக்கத் தானே ஒரு குழியைக் காலியாக வைத்திருந்த மனுஷி அவர். அப்படி ஒருவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவர் ஓய்வு பெற்றதும் புது சார் வந்தார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழர். தமிழில் பேசும் அதிகாரி என்று எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குச் சங்கடம். இந்தி என்றால் புரியாதவள் மாதிரி நின்றுவிடலாம். தமிழில் அதுவும் முடியாது.

"எதுக்கும்மா ஒரு ஹோல் சும்மா கிடக்கு?" என்றார் முதல் வாரமே.

"பழைய மேடம் சொன்னது சார். பிளேட்டு திரும்பிட்டா காட்டிக் குடுத்துரும்" என்றாள் செல்வராணி.

"கட் கார்னர் இருக்கே. பாத்து வெச்சா ஏன் திரும்பறது? இன்னொரு பிளான்ட் டெஸ்ட் பண்ணலாமே."

பார்த்து வைத்தால் திரும்பாதுதான். அவர் சொன்னதில் தப்பு சொல்ல முடியாது. தொண்ணூற்றாறாவது குழியும் நிரம்பியது.

மூன்று வருஷ ஒட்டுச்சேர்ப்பு முடிந்து, ஒரே நல்ல செடியின் விதையிலிருந்து தொண்ணூற்றாறு நாற்று வந்தது. எல்லாம் ஒரே தட்டில். அன்றைக்குப் பார்த்துத் தலைமை ஆபீசிலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். கூடவே ஒரு போட்டோக்காரர். படிக்காத பெண்கள் புது மெஷினுக்கு வேலை செய்வதைப் படம் எடுக்க வேண்டுமாம். நான் இலை வெட்டுகிறேன், செல்வராணி மேசை ஓரத்தில் பதிவேட்டில் எழுதுகிறாள். இங்கிலீஷ் எழுத்து எனக்கு வராது என்பதால் கையெழுத்தும் எப்போதும் அவள்தான்.

போட்டோக்காரர், "மௌசி, இங்க பாருங்க, சிரிங்க" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முக்காட்டை இழுத்துக்கொண்டு, பிளேட்டையும் வெட்டும் கருவியையும் தூக்கிக்கொண்டு மேசையின் மறுபக்கம் போய், அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

"ஏ எக்கா, எங்க போறிய?" என்றாள் செல்வராணி.

"இங்கன வெளிச்சம் நல்லா இருக்குட்டி."

"வெளிச்சமா! போட்டோவுக்குப் பயந்துலா ஓடுதிய. மூஞ்சியக் காட்டுனா தேஞ்சா போயிரும்?"

விருந்தாளிகளுக்குத் தமிழ் புரியவில்லை என்றாலும் சிரித்தார்கள். நான் குனிந்த தலை நிமிராமல் வெட்டி முடித்தேன். வழக்கத்தைவிட வேகமாக முடித்தேன் என்று சார் பாராட்டினார்.

மூன்றாம் நாள் பட்டியல் வந்தது. பதினொரு செடி வைக்க வேண்டும், மீதியைச் சாப்பாட்டு நேரத்துக்குள் அழிக்க வேண்டும். பதினொன்றையும் எடுத்துத் தனியாக வைத்தேன். வைத்துவிட்டுப் பார்த்தால் எனக்கு என்னவோ போல இருந்தது. அந்தக் காட்டு மிளகாய்க்குத் தண்டில் இலை கிளம்பும் கணுவில் ஊதா வளையம் இருக்கும். மேடம் காலத்தில் மெஷின் தேர்ந்தெடுத்த செடிகளில் முக்கால்வாசிக்கு அந்த ஊதா இருந்தது. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தண்ணீர் ஊற்றும்போது கண்ணில் பட்டதுதான். இந்தப் பதினொன்றில் ஊதா இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் பச்சைக் கணு. அழிக்க வேண்டிய பக்கத்தில் ஊதா ஊதாவாக நிற்கிறது.

செல்வராணியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஆமா எக்கா. ஊதா பூராவும் சாவப் போற பக்கம்லா நிக்கி. சாரிட்ட போய்ச் சொல்லுங்க."

"நீ சொல்லுட்டி. ஒனக்குத்தான் பேச வரும்."

"கண்டுபிடிச்சது நீங்க, ஏச்சு வாங்க நானா? நல்லாருக்கே நியாயம்." கையைப் புடவையில் துடைத்தாள். "சரி, எங்கிட்ட ஒரு வாயி சும்மாதான கெடக்கு. வாடகைக்கு வச்சிக்கிடுங்க."

அவள் முன்னால் போனாள். நான் சாரின் அறைக்கு வெளியே, கதவோரம், பூவாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கணு கலர் வேற ஜீன்மா" என்றார் சார். "ரெண்டும் சேர்ந்துதான் வரணும்னு இல்ல."

"எல்லாத்துலயும் வரவேண்டாம் சார். பதினொண்ணுல ரெண்டுதானா வரும்? திரும்ப ஒருக்க இலை வெட்டித் தாரோம். ரெண்டு நாள்தான ஆகும்."

"லிஸ்ட் ஹெட் ஆபீசுக்குப் போயாச்சு. இப்ப போய் நான் என்ன சொல்றது? வேலைக்காரம்மா கலர் பாத்தாங்க, மெஷின் தப்புன்னாங்கன்னா?"

"சொல்லுங்க சார். சொன்னா என்ன கொறஞ்சிரும்?"

சார் மேசையில் கிடந்த பட்டியலை எடுத்துப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, பயந்திருந்தார். புது ஆள், முதல் பட்டியல். அந்த நேரத்தில் நான் உள்ளே போய், "சார், பார்த்தது நான். இத்தனை வருஷமாகப் பார்த்து வருகிறேன்" என்று சொல்லியிருந்தால் அவர் மனம் மாறியிருக்கலாம். பழைய ஆள், பேசாத ஆள், அவளே வந்து பேசுகிறாள் என்றால் கேட்டிருப்பார். கதவு திறந்துதான் இருந்தது. நான் பூவாளியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"செல்வராணி, நீ உன் வேலைய மட்டும் பாரு" என்றார் சார்.

மதியத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. ஊதாக் கணு நாற்று நான்கை எடுத்துப் பெரிய தொட்டிகளுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். இரண்டு நாள் அங்கே இருக்கட்டும் என்று நினைத்தேன். காவலாளி அந்தப் பக்கமாக வரும் செருப்புச் சத்தம் கேட்டது. நான்கையும் எடுத்துத் திரும்பத் தட்டில் வைத்தேன். பிறகு எண்பத்தைந்தையும் பையில் போட்டு, வாயைக் கட்டி, நானே நீராவிப் பெட்டியில் வைத்து மூடினேன். திறந்தபோது கீரை வேகும் வாசனை வந்தது.

பதினொரு செடியையும் ஈக் கூண்டில் வைத்தார்கள். மழைக்காலம் பாதி போவதற்குள் ஒன்பது சுருண்டுவிட்டன. நின்றவை இரண்டு, ஊதாக் கணு. அந்த இரண்டிலும் காய் மோசம், விதைக்கு ஆகாது. மூன்று வருஷம் போய்விட்டது.

விசாரணைக்குத் தலைமை ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். அவர் இந்தியில் கேட்டதை சார் தமிழில் சொன்னார். செல்வராணியிடம்தான் கேட்டார்கள். "ரிப்போர்ட் தப்புன்னு நீ முன்னாடியே வந்து சொன்ன. உனக்கு எப்படித் தெரியும்? நீயே மாத்தி வெச்சிருந்தாத்தானே தெரியும்? ரெஜிஸ்டர்ல உன் கையெழுத்துதான் இருக்கு."

வாயைத் திறந்ததுதான் அவள் செய்த குற்றம். அதையே சாட்சியாக்கினார்கள்.

"கணுவப் பாத்துத் தெரிஞ்சிக்கிட்டோம் சார்" என்றாள்.

"யார் யாரு பாத்தீங்க?"

 செல்வராணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அறையின் தரை வெள்ளைக் கல், கறுப்புப் புள்ளி போட்டது. ஒரு கல்லில் எத்தனை புள்ளி என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். அவ்வளவு நேரம் அவள் எனக்காகக் காத்திருந்தாள்.

"நான்தான் சார் பாத்தேன்" என்றாள் கடைசியில்.

திங்கள்கிழமை முதல் வர வேண்டாம் என்று, கம்பெனிக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் அவளிடம் சொல்லிவிட்டார். சார் இரண்டு வருஷம் இருந்து, இதைவிடப் பெரிய வேலைக்குப் போனார். பார்கோடு வந்தது. செல்வராணி கதையானாள்.

அதுவரை நான் மெஷின் அறையில் யாரோ பிளேட்டைத் திருப்பி வைத்திருப்பார்கள் என்றே நினைத்திருந்தேன். தீபாவளிக்கு முன்னால், நாற்று வளரும் கண்ணாடி வீட்டுக்குப் போகும் நடையில், குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டினார்கள். பாட்டிலில் தண்ணீர் பிடிக்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். பச்சைப் புடவையில் என் முதுகு. எனக்கு எதிரே நாற்றுத் தட்டு. எப்போதும் என் இடது பக்கம் தூர மூலையில் இருக்கும் சிவப்புக் குச்சி, படத்தில் என் வலது முழங்கைக்குப் பக்கத்தில் நின்றது.

நான் மேசையின் மறுபக்கம் போனபோது பிளேட்டை மட்டும்தான் எடுத்துப்போனேன். தட்டைத் திருப்பவில்லை. பயத்தில் கை தானாகப் பழகிய மூலைக்குப் போய், கடைசிச் செடியை முதல் செடியாக எண்ணி வெட்டியிருக்கிறது. தட்டில் கடைசிக் குழி காலியாக இருந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நல்ல செடி அத்தனையும் உயிரோடு இருந்திருக்கும். பாட்டில் நிரம்பி வழிந்து என் கால் நனைவது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். ஓய்வு பெறும் நாள் வரை அந்தக் குழாயில்தான் தண்ணீர் பிடித்தேன். தாராவியில் அவள் வரும் தெருவை விட்டுவிட்டு வேறு தெரு வழியாக நடந்தேன். எனக்குக் கூச்ச சுபாவம் என்று ஊரெல்லாம் சொல்லும். நானும் அதை ஒரு நல்ல குணம் போல வைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு விசாரணை அறையில் இருந்தது கூச்சம் இல்லை. என் வேலை போய்விடுமோ என்ற பயம். அது வேறு.

போன மாதம், ஆபீசிலிருந்து அந்தப் போன் வந்த பிறகுதான் அவளைப் பார்க்கப் போனேன். ஒரு துணிப்பட்டறை மாடியில், தைத்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க எக்கா. வழி தெரிஞ்சிதா?" என்றாள்.

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை நேரம் தொடர்ந்து நான் யாரிடமும் பேசியது இல்லை. அவள் கத்தரியை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அந்த ரூமுல அவங்க கேக்கும்போதே வெளங்கிட்டு. நீங்க அந்தப் பக்கம் போயி உக்காந்தியள்லா. குச்சி உங்க வலது கைப் பக்கம் நின்னது அப்பந்தான் ஞாவகம் வந்திச்சு."

"அப்பம் ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவியன்னு பாத்தேன்."

பக்கத்தில் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மன்னித்துவிடு என்றேன். அவள் ஒரு சட்டையை உதறி மடித்து வைத்தாள்.

"இனிமே எனக்கு அந்த வேல வேண்டாம் எக்கா. இங்கன எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா எம் மருமவ தங்கச்சி போன வருசம் அங்க வேலைக்குச் சேந்தா. மொத நாளே எங்கதயச் சொல்லிச் சிரிச்சிருக்காவ. அவ வீட்டுல வந்து, யாரோ செல்வராணியாம், ஒங்க பேருதான் அத்தைன்னு எங்கிட்டயே சொல்லுதா. அத மட்டும் நிப்பாட்டுங்க. டீ ஆறுது, குடிங்க."

அதனால் எழுதுகிறேன். இதை அந்தப் புத்தகத்தில் போடுவார்களா என்று தெரியாது. நல்லதாக எழுதச் சொன்னவர்கள் போட மாட்டார்கள். ஜெராக்ஸ் எடுத்து, முதல் பிரதியைச் செல்வராணியிடம் கொடுத்துவிட்டேன். இரண்டாவது, அவள் மருமகளின் தங்கை கையில். மற்றவற்றை அவளே உங்களுக்குத் தருவாள்.

இப்போது உங்களிடம் பார்கோடு இருக்கிறது, மரபணுவையே திருத்துகிற வேலையும் வந்துவிட்டது என்கிறார்கள். நல்லது. ஆனால் ஒட்டுகிற கையும் வெட்டுகிற கையும் யாரோ ஒருவருடையதுதான். மேசையின் எந்தப் பக்கம் உட்கார்ந்தோம் என்பதை எந்தப் பார்கோடும் சொல்லாது. ஒரு குழியைக் காலியாக விடுங்கள். நிரப்பச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். உங்களுக்காக இன்னொருத்தியைப் பேச அனுப்பாதீர்கள்.

போட்டோவுக்குக் கீழே இங்கிலீஷில் ஏதோ எழுதியிருக்கும். 'நம்பிக்கையான கைகள்' என்று அர்த்தமாம். படத்தில் என் கை தெரியாது, முதுகுதான் தெரியும். இடது ஓரத்தில் பேனா பிடித்த ஒரு கை மட்டும் இருக்கும். ஆளை வெட்டிவிட்டார்கள். அந்தக் கை செல்வராணியுடையது.

அடுத்த முறை யாராவது அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தால், அவரைத் தண்ணீர்க் குழாய் வரை கூட்டிக்கொண்டு போங்கள். சிவப்புக் குச்சி எந்தப் பக்கம் நிற்கிறது என்று காட்டுங்கள். பச்சைப் புடவை யார் என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.